மறுவும் மருவும் மங்கும்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் ஒவ்வொருவரும் கையில் ஏந்தி வரும் மாற்றுச் சான்றிதழில், ‘அங்க அடையாளங்கள்’ என்றொரு பகுதி உண்டு. ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘இடது முழங்காலில் ஒரு தழும்பு’ என்றவாறு இரண்டு குறிப்புகள் அங்கே இடம்பெறும். ஒரே வகுப்பில் ஒரே பெயருடையார் மூவரும் நால்வரும் அமர்ந்திருக்கும் எம் கல்லூரி போன்ற இடத்தில், இக்குறிப்புகளின் அருமையை அலுவலகத்தார் நன்கறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், அவ்வடையாளங்களுள் ஒன்றை அழித்துவிட முனைந்தார். இடப்பக்கத் தாடையில் மிளகளவில் இருந்த மச்சம் அவருக்குப் பிடிக்கவில்லை. தோழர் ஒருவரின் சொற்கேட்டுச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து, இரவில் அதன்மீது அப்பிக்கொண்டு உறங்கிவிட்டார். விடிந்தபோது மச்சம் இருந்த இடத்தில் புண் இருந்தது. புண் ஆறிய மூன்று திங்களில், புளியங்கொட்டை அளவில் பளபளக்கும் மேடு ஒன்று அங்கே எழுந்தது. பகலில் அரித்தது, இரவில் ஊசி குத்துவது போல் வலித்தது. அவரை அழைத்துக்கொண்டு தோல் மருத்துவர் ஒருவரிடம் யாம் சென்ற அன்றுதான் இக்கட்டுரைக்கு வித்து விழுந்தது. யாம் மருத்துவர் அல்லோம்; தமிழ் கற்பிப்போர். அம்மருத்துவர் பொறுமையுடன் விளக்கியவற்றையும் அதன்பின் யாம் படித்தறிந்தவற்றையும் மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்க்கும் பயன்படுமென்று கருதி இங்குத் தொகுத்துரைக்கின்றோம்.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். திங்களில் காணும் கறையை வள்ளுவர் ‘மறு’ என்றே குறிக்கின்றார். கறை, குற்றம் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. வழக்கில், கருத்துத் தட்டையாகவோ சற்றே மேடாகவோ இருப்பதை மச்சம் என்றும், தோலுக்கு மேல் துருத்தி நிற்பதை மரு என்றும், பாலுண்ணி என்றும் கூறுகின்றோம். நடுவயதுப் பெண்டிரின் கன்னத்தில் படரும் கருமையை மங்கு என்கின்றோம். சங்கப் புலவர் மகளிர் மேனியில் தோன்றும் சுணங்கை அழகென்று பாடினர். உரையாசிரியர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் எழுதினர். இன்று மருத்துவர் தேமல் என்பதோ, மலசீசியா என்னும் நுண்பூஞ்சை மிகுந்து வளர்வதால் மார்பிலும் முதுகிலும் தோன்றும் வெளிறிய திட்டு. கீட்டோகோனசோல் கலந்த களிம்பாலோ குளியல் நீர்மத்தாலோ அது அடங்கும். எனினும், பூஞ்சை மடிந்த பின்னும் நிறம் திரும்பச் சில திங்கள் ஆகும். இதனை அறியாதார் மருந்து பலிக்கவில்லை என்று கைவிட்டு விடுகின்றனர். சுணங்கும் இத்தேமலும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பது எம் துணிபு. புலவர் பூஞ்சையைப் பாடியிரார்.

மச்சம் எவ்வாறு உண்டாகின்றது? மேற்றோலின் அடித்தளத்தில் நிறமிச் செல்கள் இடையிடையே அமைந்துள்ளன. மெலனின் என்னும் கருநிறமியை ஆக்கி அண்டைச் செல்களுக்கு வழங்குவது அவற்றின் தொழில். வெள்ளையர்க்கும் கருநிறத்தார்க்கும் இச்செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை ஆக்கும் நிறமிப் பொதிகளின் அளவும் பரவலுமே வேறுபடுகின்றன. நிறத்தைக் கொண்டு மாந்தரைத் தரம் பிரிப்போர் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பாராக! இந்நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கொத்தாகத் திரண்டால் அதுவே மச்சம். பெரும்பாலோர்க்குப் பத்து முதல் நாற்பது மச்சங்கள் வரை இருக்கும். குழந்தைப் பருவத்தில் தொடங்கி நடுவயது வரை புதியன தோன்றலாம். முதுமையில் சில மங்கி மறையவும் செய்யும். இன்ன இடத்தில் மச்சம் இருந்தால் இன்ன பலன் என்று உரைக்கும் நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றுக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை.

எனினும், மச்சம் ஒன்று நம் கவனத்தை வேண்டி நிற்கும் நேரமும் உண்டு. நிறமிச் செல்களிலிருந்து தோன்றும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் சிதைந்து கிழிந்தாற்போல் இருத்தல், ஒரே மச்சத்தில் கருமையும் செம்மையும் நீலமும் கலந்து தோன்றுதல், குறுக்களவு 6 மில்லிமீட்டரை விஞ்சுதல், இவை எல்லாவற்றினும் மேலாக நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வருதல் ஆகியவற்றை அதன் குறிகளாக மருத்துவர் கொள்வர். இந்நோய் நம் நாட்டில் அரிது. அரிது என்பதனாலேயே அதனை மறந்துவிடுகின்றோம். வெள்ளையர்க்கு வெயில் படும் முதுகிலும் காலிலும் வரும் இது, கருநிறத்தார்க்கு வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் மிகுதியாக வருகின்றது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண்ணைப் பந்தாட்டத்தில் பட்ட காயமென்றே முதலில் எண்ணினர். 1977-ஆம் ஆண்டில் அது மெலனோமா எனத் தெரிய வந்தது. விரலை நீக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியதை அவர் ஏற்கவில்லை. 1981 மே மாதத்தில், 36 வயதில் அவர் மறைந்தார். குதிகாலில் ஆறாத கரும்புள்ளியுடன் ‘முள் குத்தியது’ என்று சொல்லிக்கொண்டு நடமாடும் பெரியவர் எந்த ஊரிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவரை மருத்துவரிடம் காட்டுவது வீட்டிலுள்ள இளைஞர் கடன்.

ஐயத்துக்குரிய மச்சத்தை மருத்துவர் சுட்டு அழிப்பதில்லை. கத்தியால் முழுமையாக அகழ்ந்தெடுத்து, அத்திசுவை நுண்ணோக்கி ஆய்வுக்கு அனுப்புவர். சுட்டு விட்டால் ஆய்வதற்கு எதுவும் எஞ்சாது. அழகு நிலையங்களிலும் தெருவோரத்திலும் மச்சம் நீக்குவதில் உள்ள பேரிடர் இதுவே. வடு விழுவது இரண்டாவது இடர்தான்.

இனி மருவைக் காண்போம். மச்சம் நம் உடலின் சொந்தப் பொருள். மருவோ வெளியிலிருந்து வந்தேறியது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிர் தோலின் சிறு கீறல் வழியே நுழைந்து, மேற்றோல் செல்களைத் தடித்துப் பெருகச் செய்கின்றது. இஃது ஒட்டுநோய் என்பதை நிறுவிய கதை வியப்புக்குரியது. 1907-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே சியூஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்நீரைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். சில திங்களில் அங்கே மரு முளைத்தது. செல்லும் பாக்டீரியாவும் இல்லாத நீரில் நோய்க்கரு இருந்தமை இவ்வாறு தெளிவாயிற்று.

மரு உள்ள இடத்தின்மேல் சவரக் கத்தி ஓடினால், ஓடிய வழியெல்லாம் மரு வரிசையாக முளைக்கும். தாடியும் மீசையும் திருத்தும் இளைஞர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். உள்ளங்காலில் வரும் மரு, உடலின் எடையால் உள்ளமுங்கிக் கால் ஆணி போலவே தோன்றும். கால் ஆணி செருப்பின் உராய்வால் தோல் தடித்து வருவது. அதனை நேரே அழுத்தினால் வலிக்கும். மருவை இருபுறமும் கிள்ளிப் பிடித்தால் வலி மிகும். மேல்தோலைச் சீவினால் குருதிப் புள்ளிகள் தெரியும்.

மருவுக்கு மருத்துவம் வேண்டுமா என்பதே முதற்கேள்வி. சிறுவர்க்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, இரண்டாண்டுக்குள் தாமே மறைந்துவிடும். உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை இனங்கண்டு கொண்டதும் மரு உதிரும். உப்பையும் மிளகையும் தலையைச் சுற்றி எறிந்தமையால் மரு விழுந்தது என்று பாட்டிமார் சொல்வது பொய்யன்று. மரு விழுந்தது உண்மை, காரணம் மட்டுமே வேறு. குதிரை வால் மயிரால் இறுகக் கட்டுவது மட்டும் வேண்டா. கட்டிய இடம் அழுகிச் சீழ் வைக்கும். பொறுக்க இயலாதார்க்குச் சாலிசிலிக் அமிலக் கரைசல் உண்டு. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தபின், மருவின்மேல் மட்டும் நாள்தோறும் பல வாரங்கள் இட்டு வருதல் வேண்டும். இம்மருந்தை நீரிழிவு நோயாளர் கால்களில் தாமே இட்டுக்கொள்ளுதல் கூடாது. அடுத்தது, சுழியத்துக்குக் கீழ் 196 செல்சியஸ் அளவு குளிர்ந்த திரவ நைட்ரஜனால் உறைய வைத்தல். மூன்றாவது மின்சூட்டால் கரித்தல். சூட்டுக்கோல் மருத்துவம் மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி எழுதிய மருத்துவப் பெருநூலின் முப்பதாவதும் இறுதியுமான பகுதி அறுவைக்கு உரியது. அதன் தொடக்கமே சூட்டுக்கோலைப் பற்றியதுதான். இன்று இரும்புக்கோலின் இடத்தில் மின்முனை வந்திருக்கின்றது. மரத்துப்போகச் செய்யும் ஊசியும் உடன் வந்திருப்பது நம் நற்பேறு.

இங்கே நம் நிறத்தார் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குளிரைத் தாங்கும் ஆற்றல் நிறமிச் செல்களுக்கு மற்றச் செல்களினும் குறைவு. ஆதலால், உறைய வைத்த இடத்தில் மரு போய் வெண்புள்ளி நிற்கலாம். லேசர் ஒளியும் அத்தகையதே. குறித்த நிறத்தை மட்டும் தேடிச் சுடும் லேசரின் அடிப்படையை ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1983-இல் வகுத்தனர். கருந்தோலில் அவ்வொளி, குறித்த இலக்கை மட்டுமன்றிச் சுற்றியுள்ள நிறமியையும் தேடிச் சென்று சுடும். எனவே, நம் தோலுக்கேற்ற அலைநீளமும் அளவும் அறிந்தவரிடமே அதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.

சிறுவர் உடலில் முத்துப் போல் வெளுத்து, நடுவே குழிந்து வரும் பாலுண்ணிக்குக் காரணம் வேறொரு வைரஸ். அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அது ஓராண்டு ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் தானே மறையும். துவாலையைப் பகிராமல் இருத்தல் போதும். கழுத்திலும் அக்குளிலும் காம்புடன் தொங்கும் மெல்லிய தோல் தொங்கல்கள் ஒட்டுநோய் அல்ல. மருத்துவர் அவற்றைக் கத்தரியாலோ மின்சூட்டாலோ நொடியில் நீக்குவர். ஆயின், உடல் பருத்தோர்க்கும் நீரிழிவு நெருங்கி வருவோர்க்கும் இவை மிகுதியாகத் தோன்றுகின்றன. பிடரியும் கருத்துத் தடித்திருந்தால், தொங்கலை நீக்குவதற்கு முன் குருதியில் சர்க்கரையை ஆய்ந்து பார்த்தல் நலம். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் எள் தெளித்தாற்போல் வரும் கருநிறப் பருக்கள் குடும்ப வழி வருவன. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும். ஆல்டோ காஸ்டெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர் 1925-இல் இவற்றுக்கு மருத்துவப் பெயரிட்டார். அவர் அதற்கு முன் கொழும்பில் 1903 முதல் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இவை தீங்கற்றவை, புற்றாக மாறுவதில்லை.

எம் மாணவரின் தாடையில் எழுந்த மேட்டுக்குக் கீலாய்டு என்று பெயர். ஆறும் புண்ணைத் தழும்பு மூடுவது இயல்பு. சிலர் உடலில் அத்தழும்பு நிற்குமிடம் அறியாது, புண்ணின் எல்லையையும் தாண்டி வளர்கின்றது. கருநிறத்தார்க்கு இது மிகுதி. காது குத்திய மடல், அம்மை குத்திய தோள், பரு உடைந்த மார்பு, தாடை ஆகியன இதற்கு உகந்த இடங்கள். இதனை வெறுமனே வெட்டியெடுத்தால் முன்னிலும் பெரிதாக மீண்டும் எழுவதே பெரும்பான்மை. டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மேட்டுக்குள்ளேயே ஊசி மூலம் செலுத்துவர். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல முறை செலுத்த வேண்டும். சிலிக்கோன் தகட்டை ஒட்டி அழுத்துவதும் உண்டு. எம் மாணவர் ஓராண்டுக் காலம் திங்கள்தோறும் சென்று வந்தார். அரிப்பு முதலில் நின்றது. மேடு மெல்லப் படிந்தது. முழுதும் மறைந்தது என்று சொல்வதற்கில்லை.

மங்கு மகளிர்க்கு வரும் துன்பம். கருவுற்ற காலத்து இயக்குநீர் மாற்றமும் வெயிலும் அதனைத் தூண்டுகின்றன. வெயிற்காப்புப் பூச்சு இன்றி எம்மருந்தும் அதற்குப் பயன்படாது. மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு, சில வாரங்களுக்கே உரியது. அதனை அழகுக் களிம்பு என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் பூசிய முகங்களை மருத்துவர் எமக்குப் படத்தில் காட்டினார். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயிலில் எரிந்து, கன்னத்தில் மயிர் முளைத்த இளம்பெண்களின் முகங்கள் அவை. ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்றல் ஆகாது என்று நடுவண் அரசு 2018-இல் ஆணையிட்டும், கேட்டவுடன் எடுத்துத் தரும் கடைகள் இல்லாமல் இல்லை. இதனினும் கொடியது பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பு. கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்தோர் சிலர் இத்தகைய களிம்பைப் பூசி வந்தனர் என்பது 2023-இல் வெளிப்பட்டது. வளைகுடாவிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் பெயரும் உட்பொருளும் அறிய இயலாத களிம்பு இருந்தால், அதனை வாங்கி அலமாரியில் வைத்தலும் வேண்டா. திருமண வீட்டில் இடும் மருதாணி சிவக்கும் தன்மையது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பற்றும் மருதாணியில் தலைமயிர்ச் சாயத்தின் வேதிப்பொருள் கலந்திருக்கும். அதனால் கொப்புளம் எழுந்து, கோலம் முழுவதும் வடுவாக நின்ற கைகள் உண்டு.

பெரியோர் நெற்றியில் தொழுகையால் விழும் தழும்பைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டோம். நெற்றி, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் நாள்தோறும் அழுத்தம் படுவதால் தோல் தடித்துக் கருக்கின்றது. அது நோயன்று, மருந்தும் வேண்டா என்றார். நீரிழிவுடையோர் மட்டும் கணுக்காலில் தடித்த இடம் வெடிக்கின்றதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளல் நன்று. அழுத்தத்தால் வரும் மற்றொரு கறையைப் பெண்டிர் கவனித்தல் வேண்டும். உள்பாவாடை நாடாவை இடுப்பில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுகக் கட்டுவதால் கருமை படிகின்றது. அங்கே ஆறாத புண் தோன்றிப் புற்றாக மாறிய நிகழ்வுகளை இந்திய மருத்துவர் பதிவு செய்துள்ளனர். 2024-இலும் அத்தகைய இருவரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. நாடாவைத் தளர்த்திக் கட்டினால் தீர்ந்தது.

கருமை பற்றியே பேசிவந்தோம். வெண்மை பற்றியும் பேச வேண்டும். அதில்தான் மனித வாழ்வு மிகுதியாகச் சிதைந்திருக்கின்றது. வெண்புள்ளி என்பது உடலின் காப்புப்படையே நிறமிச் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. அது தொட்டால் ஒட்டாது. தொழுநோயோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ‘வெண்குட்டம்’ என்ற பழம்பெயர் எத்தனை பெண்களின் திருமணத்தைத் தடுத்திருக்கின்றது! அதன் மருத்துவ வரலாற்றில் நம் நாட்டுக்கும் அரபு நாட்டுக்கும் பங்குண்டு. நம் மருத்துவர் கார்போக அரிசியைப் பயன்படுத்தினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார் என்னும் மூலிகை அறிஞர், அத்ரில்லால் என்ற செடியின் விதையை உண்பித்து வெயிலில் நிறுத்தும் முறையை எழுதி வைத்தார். 1940-களில் எகிப்து மருத்துவர் எல் மொஃப்தி அவ்விதையின் சாரத்தைக் கொண்டு ஆய்வு நடத்தி 1948-இல் வெளியிட்டார். இவ்விரு விதைகளிலும் உள்ள சோராலன் என்னும் பொருள் ஒளிபட்டுத் தோலில் வினை புரிவது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று சோராலன் இன்றியே குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகின்றனர். புள்ளி பரவாது நின்றுவிட்டால் நல்ல இடத்து நிறமிச் செல்லை எடுத்து நடுகின்றனர். ரக்சோலிட்டினிப் என்னும் களிம்புக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. விரல் நுனியிலும் உதட்டிலும் வந்தது மீள்வது கடினம். முகத்தில் வந்தது எளிதில் மீள்கின்றது.

உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு மட்டும் வேறு. தொட்டால் தெரியாத, சுட்டாலும் உறைக்காத திட்டு தொழுநோயின் முதற்குறியாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஆறு திங்களோ ஓராண்டோ உண்டால் அது முற்றும் குணமாகும். மருந்து தொடங்கியவுடனே பிறர்க்குப் பரவுதலும் நின்றுவிடும். இந்நோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்றிருந்த சட்டங்களிலிருந்து அக்காரணத்தை நாடாளுமன்றம் 2019-இல் நீக்கியது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டமும் அவற்றுள் ஒன்று. சட்டம் நீக்கியதை ஊரார் பேச்சும் நீக்குதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ!

எம் மாணவர் கதையில் ஒரு சிறு எச்சம் உண்டு. படிப்பு முடிந்து, வேலை ஒன்றன் பொருட்டுச் சான்றிதழ் சரிபார்க்கச் சென்ற இடத்தில், ‘இடது தாடையில் மச்சம்’ என்றிருக்கின்றதே, எங்கே அது என்று அலுவலர் வினவினாராம். இவர் தழும்பைக் காட்டியிருக்கின்றார். அலுவலர் ஏற்கவில்லை. நல்லவேளையாக இரண்டாம் அடையாளம் வலது புருவத்தில் சிறுவயதில் விழுந்த வடுவாக இருந்தது, அது கைகொடுத்தது. இப்பொழுதெல்லாம் மச்சத்தை முறையாக அறுவை செய்துகொள்ளும் மாணவர்க்கு, மருத்துவர் தரும் அறுவைக் குறிப்பையும் திசு ஆய்வறிக்கையையும் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து வைக்குமாறு துறையில் சொல்லி வருகின்றோம்.